நன்றாக ஓடிய முறை ஏன் படுத்துவிட்டது? தையல் லைனில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

புது வேலைமுறை ஒன்றைக் கொண்டுவரும்போது எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். போர்டு மாட்டுவோம், படிவம் அடிப்போம், காலையில் பத்து நிமிடம் நின்று பேசுவோம். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் போர்டு இருக்கும், படிவம் இருக்கும், வேலை மட்டும் பழையபடி நடந்துகொண்டிருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தரப் பிரிவில் வேலை பார்த்த வருடங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலும் ஆட்கள் மேல் தப்பு இருக்காது. துணி மாறியிருக்கும், ஆர்டர் அளவு மாறியிருக்கும், வேலை நேரம் மாறியிருக்கும். எழுதிவைத்த முறை மட்டும் முதல் நாள் இருந்தபடியே இருக்கும். அதைத் திருத்தச் சொல்ல வேலை செய்பவருக்கு வழி இல்லை. அதனால் அவர் கையளவில் தானே திருத்திக்கொள்வார், காகிதத்தில் பழையதையே எழுதுவார். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் நான் தேடுவது இந்த இடைவெளியைத்தான். டி-ஷர்ட் லைனை வைத்துச் சொல்கிறேன். லேத் பட்டறையோ ரத்தப் பரிசோதனைக் கூடமோ வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

உங்கள் யூனிட்டில் இரண்டு மூன்று அறிகுறிகள் சேர்ந்தே இருக்கலாம். முதல் அறிகுறி இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். எண்கள் உண்மையாக இல்லாதபோது மற்றதைத் தேடிப் பயனில்லை.

பதிவேடு பளிச்சென்று இருக்கிறது, பிழை குறையவில்லை

லைன் முனையில் மாட்டியிருக்கும் உற்பத்தி போர்டைப் பாருங்கள். மணிக்கு ஒரு கட்டம். 70, 72, 70, 71. ஒரே மார்க்கர், ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். சாப்பாட்டு இடைவேளை வந்த மணியிலும் 70. சாயங்காலம் மொத்த எண்ணிக்கையை வகுத்து ஒரே மூச்சில் எழுதியது அது.

உறுதிப்படுத்திக்கொள்ள மூன்று வழி. காலை 11 மணிக்குச் சொல்லாமல் போய், 10.30 கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஊசி மாற்றியதாக எழுதியிருக்கும் எண்ணிக்கையை, ஸ்டோர் கொடுத்த ஊசி எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். மெஷின் பராமரிப்புத் தாளில் விடுமுறை நாளுக்கும் டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் இப்படி ஆகிறது? எண் குறைந்தால் திட்டு விழும், எண் நன்றாக இருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். எப்படி எழுதினாலும் உதவி வரப்போவதில்லை. அந்த நிலையில் நானும் 70 என்றுதான் எழுதுவேன்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: குறைந்த எண் எழுதினால் உதவி வரவேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். நூல் அறுந்தது, பண்டல் (வெட்டிய துணிக் கட்டு) வரவில்லை, மெஷின் நின்றது என்று இரண்டு வார்த்தை போதும். எண் விழுந்த மணிக்கு அடுத்த பதினைந்து நிமிடத்துக்குள் மேனேஜரோ புரொடக்‌ஷன் இன்சார்ஜோ அங்கே வந்து நிற்கவேண்டும், "என்ன வேணும்?" என்று கேட்கவேண்டும். "ஏன் குறைஞ்சது?" என்று ஆரம்பித்தால் மறுநாள் மறுபடியும் 70 வந்துவிடும். டொயோட்டா ஆலைகளில் தொழிலாளி தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுத்தால் குழுத் தலைவர் அந்த இடத்துக்கே வருவார், குறிப்பிட்ட எல்லைக்குள் சரியாகவில்லை என்றால் லைன் நிற்கும். அந்தக் கயிற்றுக்கு மதிப்பு, இழுத்தவுடன் ஆள் வருவதால்தான்.

அப்புறம், பதிவேடுகளைக் குறையுங்கள். கடந்த ஒரு மாதத்தில் யாராவது படித்துப் பார்த்து ஒரு முடிவு எடுத்த பதிவேடு எது? மற்றதை நிறுத்திவிடலாம். ஆனால் உடைந்த ஊசிப் பதிவேட்டைத் தொடாதீர்கள். உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்துத் தாளில் ஒட்டிவைப்பது எரிச்சலான வேலைதான். ஒரு குழந்தையின் உடையில் ஊசி முனை போய்ச் சேரக்கூடாது என்பதற்காக இருக்கும் வேலை அது.

சுவரில் ஒரு முறை, கையில் ஒரு முறை

டொயோட்டாவின் உற்பத்தி முறையை வகுத்த தாய்ச்சி ஓனோ, தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதற்குள் நின்று வேலையைப் பார்க்கச் சொல்வாராம். வட்டம் தேவையில்லை. அரை மணி நேரம் ஒரே இடத்தில், போன் பார்க்காமல் நின்றால் போதும். முதல் ஐந்து நிமிடம் உங்களுக்காக வேலை செய்வார்கள். பிறகு மறந்துவிடுவார்கள். அப்போதுதான் உண்மையான முறை தெரியும்.

எழுதியதற்கும் செய்வதற்கும் வித்தியாசம் கண்ணில் பட்டால், "இப்படிச் செஞ்சா என்ன லேசாகுது?" என்று கேளுங்கள். வரும் பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும். அவர் முறையே நல்லது என்றால் சுவரில் இருப்பதை அன்றே மாற்றுங்கள். எழுதிய முறை தெரியாது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். மூன்றாவது, எழுதிய முறை சரி, அதைச் செய்ய அவருக்கு வசதி இல்லை என்பது. இதுதான் அதிகம்.

துணி ரிலாக்ஸ் செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னலாடைத் துணியை ரோலைப் பிரித்துத் தளர விட்டு, பிறகுதான் விரித்து வெட்டவேண்டும். 24 மணி நேரம் என்று பல கம்பெனிகளில் எழுதியிருக்கும். ஆனால் டையிங்கிலிருந்து துணி ராத்திரி வந்து இறங்குகிறது, காலை பத்து மணிக்கு லைனுக்குப் பண்டல் வேண்டும் என்று நெருக்குகிறார்கள். கட்டிங் மாஸ்டர் என்ன செய்வார்? வெட்டிவிடுவார். இழுவிசை அடங்காத துணி வெட்டிய பிறகு சுருங்கும், தைத்த பீஸில் நீளம் குறைந்து நிற்கும். திட்டு டைலருக்கு விழும். சரிசெய்ய வேண்டிய இடம் துணி வரும் தேதி. லைனில் என்ன பயிற்சி கொடுத்தாலும் அந்த நீளம் திரும்பி வராது.

அதே பிழை மாதாமாதம் திரும்பி வருகிறது

என் மனதை மிகவும் மாற்றிய வேலை இதில்தான் நடந்தது. ஒரு யூனிட்டில் மெல்லிய சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட். துவைத்துப் பார்த்தால் தோள் தையல் ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள். மாதம் ஒருமுறையாவது இந்தப் புகார் வரும். ஒவ்வொரு முறையும் "டைலர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவோம். நானே அப்படி மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

நான்காவது முறை ஓவர்லாக் மெஷினில் இருந்த அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். ஊசியைக் கழற்றி நகத்தின் மேல் முனையை மெல்ல இழுத்துப் பார்த்தால் கீறல் விழுகிறது. முனை மழுங்கிப் பிசிறடித்திருக்கிறது. பின்னலாடைக்கு உருண்டை முனை ஊசிதான் போடுவோம். நல்ல முனை நூலை விலக்கிவிட்டு இடையில் இறங்கும். பிசிறடித்த முனை நூலை அறுத்துக்கொண்டு இறங்கும். தைக்கும்போது தெரியாது, துவைத்தால் ஓட்டை விரியும்.

ஏன் மாற்றவில்லை? "சாயங்காலமே மாத்தணும்னு இருந்தேன் கண்ணு, ஸ்டோரு ஆறு மணிக்கே சாத்திருவாங்க." அந்த யூனிட்டில் தினமும் ஒன்றரை ஷிப்ட், இரவு 8.30 வரை லைன் ஓடும். ஸ்டோர் 6 மணிக்கு மூடும். அதுவும் பில்டிங்கின் மறுகோடியில் இருக்கிறது, சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும், போய்வர இருபது நிமிடம். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில், இருப்பவருக்கு அந்த இருபது நிமிடம் சொந்தக் காசு. ஆறு மணிக்குப் பிறகு ஊசி கெட்டால் லைன் முடியும்வரை அதே ஊசிதான்.

ஐந்து முறை "ஏன்" கேட்கும் பழக்கம் ஓனோ காலத்திலிருந்து வருகிறது. ஐந்து என்ற எண்ணில் ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டே போய், நீங்கள் கைவைத்து மாற்றக்கூடிய ஒரு பொருளோ ஒரு நேரமோ ஒரு விதியோ வரும்வரை நிறுத்தாதீர்கள். "கவனக்குறைவு" என்ற பதிலில் நின்றுவிட்டால் இன்னும் பாதி வழிகூட வரவில்லை என்று அர்த்தம். எங்களுக்கு வந்து நின்ற இடம், ஸ்டோர் கதவு மூடும் நேரம். லைன் சூப்பர்வைசரிடம் ஒரு சின்னப் பெட்டி கொடுத்தோம். பழைய ஊசியைக் கொடுத்தால் அந்த இடத்திலேயே புது ஊசி, கையெழுத்து வேண்டாம். அடுத்த மாதம் அந்தப் புகார் வரவில்லை.

சில பிழைகளுக்குக் காரணமே மறதிதான். மறக்காதே என்று சொல்லி அதைத் தடுக்கமுடியாது. ஷிகேயோ ஷிங்கோ என்ற தொழிற்சாலைப் பொறியாளர் 1961-இல் ஜப்பானில் யமடா எலெக்ட்ரிக் ஆலைக்குப் போனபோது, ஒரு சின்ன ஸ்விட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்கவேண்டிய இடத்தில் தொழிலாளர்கள் அவ்வப்போது ஒன்றை வைக்க மறந்துகொண்டிருந்தார்கள். அவர் சொன்ன தீர்வு ஒரு தட்டு. முதலில் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் வை, பிறகு தட்டிலிருந்து எடுத்துப் பொருத்து. தட்டில் ஒன்று மிஞ்சினால் மறந்தது அங்கேயே தெரிந்துவிடும். இதை நம் லைனில் அப்படியே செய்யலாம். 20 பீஸ் பண்டலோடு அந்த சைஸ் லேபிள் மட்டும் 20 எண்ணிக் கவரில் போட்டுக் கட்டிவிடுங்கள். கவரில் ஒரு லேபிள் மிஞ்சினால் ஒரு பீஸில் லேபிள் இல்லை. வேறு சைஸ் லேபிள் மேஜையிலேயே இல்லாததால் மாறிப்போகவும் வழியில்லை.

செக்கிங் ஆட்களைக் கூட்டியும் மறுவேலை குறையவில்லை

செக்கிங் டேபிளில் பிழையைப் பிடிக்கலாம், அது உண்டாவதைத் தடுக்கமுடியாது. கடைசி ஆய்வையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 3,000 பீஸ் லாட்டுக்கு வழக்கமான ஆய்வு நிலையில் 125 பீஸ் எடுப்பார்கள். ஏக்யூஎல் (ஏற்கத்தக்க பிழை அளவு) 2.5 என்றால் 7 பிழை வரை லாட் பாஸ், 8 வந்தால் ஃபெயில். அந்த முடிவு லாட்டை அனுப்பலாமா என்று சொல்லும். எந்த மெஷினில் பிழை உண்டானது என்று சொல்லாது.

செக்கர்களில் ஒருவரை எடுத்து லைனுக்குள் விடுங்கள். ஒரு நாளில் ஒவ்வொரு மெஷினிலும் இரண்டு மூன்று முறை ஐந்தைந்து பீஸ் பார்க்கட்டும். பிழை இருந்தால் அந்த டைலரிடமே பீஸைக் காட்டட்டும். பீஸ் சூட்டோடு திரும்பி வந்தால், எதனால் வந்தது என்று அவருக்கே நினைவிருக்கும். மூன்று நாள் கழித்து மறுவேலை மூட்டையாக வந்தால் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

எல்லோரும் பரபரப்பாக இருக்கிறார்கள், பீஸ் வெளியே வரவில்லை

லைனில் மெஷின்களுக்கு நடுவே குவிந்திருக்கும் பீஸை எண்ணுங்கள். மணிக்கு வெளியே வரும் எண்ணிக்கையால் வகுங்கள். 900 பீஸ் கிடக்கிறது, மணிக்கு 75 வருகிறது என்றால் உள்ளே போகும் ஒரு பீஸ் வெளியே வர 12 மணி நேரம். இன்று காலை தோள் தையலில் வந்த பிழை இன்றிரவோ நாளையோதான் செக்கிங்கில் தெரியும். அதற்குள் அதே பிழையோடு நூற்றுக்கணக்கான பீஸ் ஓடியிருக்கும்.

பிறகு ஒவ்வொரு மெஷினிலும் பத்து பீஸுக்குப் போனில் நேரம் பாருங்கள். தோள் மணிக்கு 110, கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் பட்டி) 75, கை 95, சைடு 90, பாட்டம் 100 என்று வந்தால் லைன் மொத்தமும் 75 தான். தோள் தையலுக்கு ஊக்கத்தொகை கொடுத்தால் கழுத்துக்கு முன்னால் குவியல்தான் உயரும்.

கழுத்து ரிப் டைலரின் நேரம் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். ரிப்பை அவரே சைஸ் பார்த்துத் தேடி எடுக்கிறாரா? பண்டல் முடிச்சை அவரே அவிழ்க்கிறாரா? அதை ஹெல்பரிடம் கொடுங்கள். கட்டிங்கிலிருந்து புதுப் பண்டல் விடுவதைக் கழுத்து முடிகிற வேகத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். தோளில் இருப்பவர் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். முதலாளிக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. ஆனால் அந்த நேரத்தில் அவர் பக்கத்து வேலையைக் கற்றுக்கொள்ளலாம், அதன் பலன் பின்னால் லீவு பற்றிய அறிகுறியில் தெரியும்.

எண் ஏறி இறங்குகிறது, தினமும் ஒரு மாற்றம் நடக்கிறது

நேற்று 500 பீஸில் 19 பிழை, எல்லோருக்கும் பாராட்டு. இன்று 31, கூட்டம், புது விதி. நாளை 22, விதி பலித்தது என்ற நம்பிக்கை. ஒரு வருடத்தில் முப்பது விதி சேர்ந்துவிடும், பிழை அப்படியே இருக்கும்.

எண் தானாகவே கொஞ்சம் ஆடும். எவ்வளவு ஆடினால் இயல்பு, எங்கே தாண்டினால் விசேஷக் காரணம் என்று பிரித்துப் பார்க்கும் வரைபடத்தை 1924-இல் அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் இருந்த வால்டர் ஷூஹார்ட் கொண்டுவந்தார். கணக்கு சுலபம். தினம் 500 பீஸ் பார்க்கிறீர்கள், சராசரி 25 பிழை, அதாவது 5 சதவீதம். 25-ஐ 0.95-ஆல் (பிழையில்லாத 95 சதவீதம்) பெருக்கினால் 23.75. அதன் வர்க்கமூலம் 4.9 அளவில். அதன் மும்மடங்கு ஏறத்தாழ 15. ஆக 10-க்கும் 40-க்கும் நடுவில் வரும் எண், அதே லைனின் அதே குணம். 31 வந்த நாளில் தனியாக ஒன்றும் நடக்கவில்லை. 44 வந்தால் உடனே ஓடுங்கள், அன்று ஏதோ மாறியிருக்கிறது. எண் சராசரிக்கு ஒரே பக்கமாக எட்டு நாள் தொடர்ந்து நின்றாலும் ஏதோ மாறியிருக்கிறது.

25 என்பதே அதிகம் என்றால் தினப்படி எண்ணைத் துரத்தாதீர்கள். ஒரு மாதப் பிழைகளை வகைவாரியாக எண்ணி, மேலே இருக்கும் ஒரே ஒரு வகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

செக்லிஸ்ட் நீண்டுகொண்டே போகிறது

ஒவ்வொரு புகாருக்கும் ஒரு வரி சேர்த்து, நாற்பது வரி ஆனதும் படிக்காமலே டிக் போடுவார்கள். 1935 அக்டோபர் 30-இல் அமெரிக்க ராணுவத்தின் ரைட் ஃபீல்டு விமானத் தளத்தில் போயிங்கின் மாடல் 299 விமானம் கிளம்பிய உடனே விழுந்தது. விமானத்தை ஏற்றி இறக்கித் திருப்பும் கட்டுப்பாட்டுப் பரப்புகளின் பூட்டை விடுவிக்க மறந்திருந்தார்கள். ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். அதற்குப் பிறகு வந்த விமானிகளின் செக்லிஸ்ட் சின்னது. தெரிந்தவருக்கும் தவறிப்போகக்கூடிய, தவறினால் ஆபத்தான விஷயங்கள் மட்டும் அதில் இருந்தன. உங்கள் தாளையும் அதே அளவுகோலில் வெட்டுங்கள். புதிதாக ஒரு வரி சேர்த்தால் பழைய வரி ஒன்று போகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யோசனைப் பெட்டியில் ஒன்றும் விழுவதில்லை

கடைசியாக யோசனை சொன்னவருக்கு என்ன பதில் கிடைத்தது என்று விசாரியுங்கள். அனேகமாக எந்தப் பதிலும் கிடைத்திருக்காது. எழுதிப் போடச் சொல்வதே பலருக்குத் தடை. ஒடிசாவிலிருந்து வந்த பெண் தமிழில் எப்படி எழுதுவார்? சூப்பர்வைசர் வாரம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் "இந்த வாரம் கைக்கு எது தொந்தரவா இருந்துச்சு?" என்று கேட்டு, அவரே குறித்துக்கொள்ளட்டும். முதலில் வருவது சின்ன விஷயங்களாகத்தான் இருக்கும்: நாற்காலி உயரம், விளக்கின் கோணம், கத்தரி தொலைந்தது. அவற்றை மூன்று நாளில் செய்துகொடுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று நேரில் சொல்லுங்கள். நாற்காலி சரியானதைப் பார்த்த பிறகுதான் பெரிய விஷயத்தை வாய்திறந்து சொல்வார்கள்.

ஒருவர் லீவு போட்டால் லைன் நிற்கிறது

ஒரு சார்ட் தாளில் ஆட்கள் பெயர் ஒரு பக்கம், வேலைகள் மறுபக்கம் எழுதி, தனியாகச் செய்யத் தெரிந்த கட்டங்களை நிரப்புங்கள். ஒரே ஒரு பெயர் மட்டும் இருக்கும் வேலைதான் உங்கள் ஆபத்து. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வரும் நாளை நம்பாதீர்கள், அதற்கு முன்பே இரண்டாவது ஆளைப் பழக்குங்கள். கற்றுக்கொடுப்பவரின் பீஸ் ரேட் வருமானம் அந்த நேரத்தில் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் யாரும் கற்றுக்கொடுக்கமாட்டார்கள்.

சரிசெய்தோம், திரும்பவும் பழையபடி

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முப்பது நாள் கழித்து ஒரு தேதி குறித்து, பார்க்கப்போகும் ஆளின் பெயரையும் எழுதிவிடுங்கள். அந்த நாளில் பதிவேட்டைப் பார்க்காமல் பொருளைப் பாருங்கள்.

மேலே சொன்ன ஊசிப் பெட்டியை நான் அப்படி முப்பதாம் நாள் போய்ப் பார்த்தேன். பெட்டி இருந்தது, பூட்டு தொங்கியது, சாவி சூப்பர்வைசர் பையில். அவர் வேறு லைனில் நின்றுகொண்டிருந்தார். ஏன் பூட்டினீர்கள் என்று கேட்டதற்கு, ஊசி எண்ணிக்கை குறைந்தால் தன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம் என்றார். நியாயமான பயம்தான். பெட்டியில் 20 பள்ளம் போட்டு நுரைத் தாள் ஒன்று வைத்தோம். காலையில் 20 புது ஊசி. எடுத்த பள்ளத்தில் பழையதைச் செருகவேண்டும். சாயங்காலம் பழையதும் புதியதும் சேர்த்து 20 நின்றால் கணக்கு சரி. உடைந்த ஊசிக்கு மட்டும் அதன் துண்டுகளை ஒட்டிய தாளைக் காட்டினால் அந்தப் பள்ளத்துக்குக் கணக்கு எழுதிக்கொள்வார்கள். அவரே பூட்டைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டார். அடுத்த முப்பதாம் நாளுக்குத் தேதி போட்டுவிட்டு வந்தேன்.